ஒரோச்சென் மொழி: ஆளுங்க கூடுறாங்க, பேசுறவங்க குறையுறாங்க. அங்க என்ன தான் நடக்குது?

மலைக்காட்டான்:
வணக்கம் மக்களே. ரொம்ப நாளா எழுதணும்னு மனசுல கெடந்த விஷயம் இது. சீனாவோட வடகிழக்கு மூலையில ரஷ்யா எல்லையை ஒட்டி பெரிய கிங்கான், சின்ன கிங்கான்னு ரெண்டு மலைத்தொடர் இருக்கு, பூர்ஜ மரமும் லார்ச் மரமுமா ஒரே காடு, குளிர்காலத்துல மைனஸ் 40 வரைக்கும் போற இடம். அந்தக் காட்டுல குதிரை மேல ஏறி மான் வேட்டையாடி வாழ்ந்தவங்க தான் ஒரோச்சென் மக்கள். சீன அரசு அங்கீகரிச்ச 55 சிறுபான்மை இனங்கள்ல இவங்களும் ஒண்ணு. ஒரு பகுதி உள் மங்கோலியாவுல ஒரோச்சென் தன்னாட்சி வட்டாரத்துல இருக்காங்க, மத்தவங்க ஹெய்லோங்ஜியாங் மாகாணத்துல அமுர் ஆத்தங்கரை ஊர்கள்ல இருக்காங்க.

என்னைய உறுத்துறது என்னன்னா, 1953 கணக்கெடுப்புல இவங்க 2,200 சொச்சம் பேர் தான். 2000-ல 8,196. 2010-ல 8,659. 2020-ல 9,168. பாத்தா ஆஹா இனம் தழைக்குதுன்னு தானே தோணும்? ஆனா மொழி அப்படியே எதிர்ப்பக்கம் போகுது. 20 வருஷத்துக்கு முன்னாடியே பேசத் தெரிஞ்சவங்க ஆயிரத்துச் சொச்சம் பேர்னு தான் சொன்னாங்க, இப்போ சரளமா பேசுறவங்கன்னா பெரும்பாலும் தாத்தா பாட்டி வயசு. 2,200 பேரா இருந்தப்போ எல்லார் வாயிலயும் இருந்த மொழி, 9,000 பேர் ஆனப்புறம் வீட்டுக்கு ஒருத்தர் வாயில கூட இல்ல.

பள்ளிக்கூடம், டிவி, கலப்புக் கல்யாணம்னு வழக்கமா சொல்ற காரணமெல்லாம் உண்மை தான், மறுக்கல. ஆனா என் கருத்து வேற. அந்த மொழி குடியிருந்த இடம் வேட்டை. 1996 ஜனவரி 23 அன்னைக்கு அந்தத் தன்னாட்சி வட்டாரத்துல வேட்டையை மொத்தமா தடை பண்ணி வேட்டைக்காரங்க துப்பாக்கிய எல்லாம் வாங்கி வச்சுட்டாங்க. அதுக்கு முன்னாடியே மொழி நலிஞ்சு தான் இருந்துச்சு, ஆனா மிச்சம் மீதி பேச்சு எங்க நடந்துச்சுன்னா ஆம்பளைங்க நாலு பேரு காட்டுக்குப் போயி நெருப்பு மூட்டி உக்காந்தப்போ தான். துப்பாக்கி போனதும் அந்த நெருப்பும் போச்சு. மான்ல ஆணு, பொட்டை, குட்டி, இத்தனை வயசுன்னு தனித்தனிச் சொல், பனியில விழுந்த தடம் நேத்தையதா இன்னிக்கானு பிரிச்சுச் சொல்ற சொல், இதையெல்லாம் சிமெண்ட் வீட்டு ஹால்ல உக்காந்து யார்கிட்ட பேசுறது?

தெரிஞ்சவங்க சொல்லுங்க, தப்பிருந்தா திருத்துங்க.

ஈரோட்டு வாசகன்:
அண்ணே நல்ல பதிவு. ஒரு சின்ன சந்தேகம், நான் ஒரு இடத்துல 'ஒரோக்கன்'னு படிச்சேன், நீங்க 'ஒரோச்சென்'னு எழுதிருக்கீங்க. ரெண்டும் ஒரே ஆளுங்களா?

மலைக்காட்டான்:
ஒரே ஆளுங்க தான் தம்பி. சீன மொழிய ரோமன் எழுத்துல எழுதுற முறையில க்யூங்கிற எழுத்துக்கு 'ச்ச' ஓசை. அதை இங்கிலீஷ் மாதிரி படிச்சா தான் ஒரோக்கன் ஆயிடுது. சீனத்துல 'எலுன்சுன்'னு சொல்வாங்க.

பேருக்கு என்ன அர்த்தம்ங்கிறதுலயே ரெண்டு கட்சி இருக்கு. 'மலை மேல இருக்கிறவங்க'னு ஒரு விளக்கம். 'ஓரோன்'னா அவங்க மொழியில பனிமான், அதனால 'பனிமான் வச்சிருக்கிறவங்க'னு இன்னொரு விளக்கம். இதுல வேடிக்கை என்னன்னா இவங்க பனிமானை விட்டுட்டுக் குதிரைக்கு மாறி தலைமுறைகள் ஆச்சு. முன்னாடி அமுர் ஆத்துக்கு வடக்க இருந்தவங்க, 17-ஆம் நூற்றாண்டு நடுவுல ரஷ்யப் படை கிழக்க வர வர ஆத்தைத் தாண்டித் தெக்க வந்துட்டாங்க. பனிமான் வளக்குற எவெங்கி மக்கள் பக்கத்துலயே இருக்காங்க, அவங்க மொழியும் இவங்க மொழியும் அக்கா தங்கச்சி மாதிரி. சிலர் ரெண்டும் ஒரே மொழியோட வட்டார வழக்குன்னே சொல்றாங்க.

இலக்கணப்பித்து:
மொழி பக்கம் நான் கொஞ்சம் சொல்றேன், எனக்குப் பிடிச்ச ஏரியா. ஒரோச்சென் துங்குசிக்ங்கிற மொழிக் குடும்பத்து வடக்குக் கிளை. சீனாவை ஆண்ட சிங் அரச வம்சத்தோட மஞ்சு மொழி அதே குடும்பத்துல இன்னொரு கிளை. எழுத்து கிடையாது. சொல்லோட பின்னால ஒட்டு ஒட்டா சேத்துக்கிட்டே போற மொழி, வேற்றுமை உருபு உண்டு, வினை கடைசில தான் வரும், அதனால நம்மாளுங்களுக்கு வாக்கிய அமைப்பு ரொம்ப பழகின மாதிரி இருக்கும்.

எண்ணு பாருங்க: ஒமுன், ஜூர், இலான், தியின், தோங்ங, நியுங்குன், நதன், ஜப்குன், யெயின், ஜான். இதுல மூணும் ஏழும் (இலான், நதன்) மஞ்சுலயும் கிட்டத்தட்ட அதே தான்.

நம்மகிட்ட இல்லாதது ஒண்ணு, உயிரொத்திசைவு. ஒரு சொல்லோட முதல் அசையில என்ன வகை உயிர் இருக்கோ அதுக்குத் தகுந்த மாதிரி பின்னால வர்ற உருபோட உயிரும் மாறிக்கும். ஒரே உருபு ஒரு சொல்லுக்குப் பின்னால அ-ன்னு ஒலிக்கும், இன்னொண்ணுக்குப் பின்னால ஒ-ன்னு ஒலிக்கும். காதுக்கு வழுவழுன்னு இருக்கும்.

நம்மகிட்டயும் இருக்கிறது ஒண்ணு சொல்றேன், படிச்சப்போ எழுந்து உக்காந்தேன். நமக்கு நாம், நாங்கள்னு ரெண்டு இருக்குல்ல, கேக்குறவரைச் சேத்து ஒண்ணு, விட்டுட்டு ஒண்ணு? அங்கயும் அதே. 'பூ'ன்னா நாங்க (இந்த ப பஸ்ஸுல வர்ற ப), 'மித்தி'ன்னா நாம.

இன்னொண்ணு, நிறத்தை அழுத்திச் சொல்ல நாம வெள்ளவெளேர், பச்சைப்பசேல், கன்னங்கரேல்னு சொல்லோட தலையைத் திருப்பி எடுத்து முன்னால வச்சுக்குறோம்ல, ஒரோச்சென்லயும் நிறச்சொல்லோட முதல் துண்டை எடுத்து முன்னால ஒட்டினா 'ரொம்ப'ன்னு அர்த்தம் வந்துடும். பக்தரின்னா வெள்ளை, அதோட தலையை மறுபடி முன்ன வச்சா தூய வெள்ளை, பனி வெள்ளை. லிண்ட்சே வேலி, ஃபெங்சியாங் லீன்னு ரெண்டு மொழியியல் ஆய்வாளர்கள் இதைப் பத்தித் தனிக்கட்டுரையே எழுதிருக்காங்க.

குமரன்77:
ஐயா அப்போ இது தமிழோட தொடர்புள்ள மொழி தானே? நான் தேடிப் பாத்தேன் அப்பாவுக்கு 'அமின்', அம்மாவுக்கு 'எனின்'னு போட்டிருக்கு. அமின் அம்மா, ஒட்டுநிலை மொழி, நாம் நாங்கள், இதெல்லாம் சும்மா வருமா. நம்ம ஆளுங்க அங்க போயிருக்கணும் இல்ல அவங்க இங்க வந்திருக்கணும்

இலக்கணப்பித்து:
குமரன், உங்க ஆர்வம் எனக்கும் ஒரு காலத்துல இருந்தது, அதனால பொறுமையா சொல்றேன். இந்த எண்ணம் உங்களுக்கு மட்டும் வந்தது இல்ல. கால்டுவெல் 1856-ல திராவிட மொழிகளோட ஒப்பிலக்கணம் போட்டப்போவே திராவிட மொழிகள 'சித்திய' மொழிகளோட சேத்துப் பாத்தாரு, அவரு சித்தியம்னு சொன்னதுக்குள்ள துருக்கி, மங்கோலியம், பின்னிஷ், துங்குசிக் எல்லாம் அடக்கம். ஆனா அது நிலைக்கல. ஒட்டிக்கிட்டே போற அமைப்பு உலகத்துல எத்தனையோ மொழியில இருக்கு. நாம் நாங்கள் வேறுபாடும் அப்படித்தான், பசிபிக் தீவு மொழிகள்லயும் இருக்கு. அம்மா அப்பாவுக்கு ம, ப, ந ஓசை வர்றது குழந்தை வாய்க்கு அது தான் முதல்ல வரும்ங்கிறதால. அங்க அமின்னா அப்பான்னு நீங்களே சொல்றீங்க.

அவ்வளவு ஏன், மஞ்சு, மங்கோலியம், துருக்கி எல்லாம் ஒரே குடும்பமாங்கிறதுலயே அறிஞர்களுக்குள்ள இன்னும் அடிதடி. சொந்தம் இல்லேன்னா என்ன, அக்கறை வர சொந்தமா இருக்கணுமா?

குமரன்77:
சரி ஐயா. ஒத்துக்குறேன். ஆனா மித்தி பூ ரெண்டும் மனசுல நின்னுடுச்சு

ஹார்பின்_நாட்கள்:
இந்த இழையைப் பாத்துட்டு தூக்கமே வரல. நான் ஹெய்லோங்ஜியாங் தலைநகர் ஹார்பின்ல தான் எம்பிபிஎஸ் படிச்சேன், அங்க நம்ம பசங்க நிறைய பேர் படிச்சிருக்கோம். ரெண்டாவது வருஷம் சீனப் புத்தாண்டு லீவுக்கு எல்லாரும் ஊருக்கு வந்துட்டாங்க, எனக்கு டிக்கெட் காசு இல்ல. என் கூடப் பழகின ஒரு பையன் எங்க வீட்டுக்கு வான்னு கூட்டிட்டுப் போனான். ராத்திரி ரயில்ல ஹெய்ஹே போயி அங்கேருந்து வேன்ல ஊருக்கு. ஹெய்ஹேல அமுர் ஆறு அப்படியே உறைஞ்சு கெடக்கு, எதிர்க்கரையில ரஷ்யாவோட பிளகோவெஷென்ஸ்க் ஊரு லைட்டெல்லாம் தெரியுது. வெளிய மைனஸ் 32, மூக்குக்குள்ள முடி உறையுறது தெரியும்.

அவன் பேப்பர்ல ஒரோச்சென், அப்பா பெரும்பான்மை ஹான் சீனர், அம்மா ஒரோச்சென். வீடு சாதாரண செங்கல் வீடு தான், உள்ள காங்குன்னு சொல்ற அடியில நெருப்பு ஓடுற மேடை, அது மேல தான் உக்காறது படுக்கிறது எல்லாம். அவன் பாட்டி அந்த மேடையோட கதகதப்பான மூலையில உக்காந்து பூர்ஜ மரப்பட்டையில பெட்டி தச்சுக்கிட்டு இருந்தாங்க. நான் போனதும் என் கையைப் பிடிச்சு தடவிப் பாத்தாங்க, கை ஜில்லுன்னு இருந்துச்சு, ரெண்டு கையையும் அவங்க கைக்குள்ள வச்சுக்கிட்டாங்க.

சாப்பிடுறப்போ ஒண்ணு கவனிச்சேன். சாராயம் ஊத்தினதும் பாட்டி குடிக்கல, விரலை அதுல தொட்டு அடுப்பைப் பாத்து ஒரு சுண்டு சுண்டினாங்க, ஏதோ சொன்னாங்க, அப்புறம் தான் வாயில வச்சாங்க. பேரன்கிட்ட அவங்க மொழியில தான் பேசினாங்க. அவன் எல்லாத்துக்கும் சீனத்துலயே பதில் சொன்னான். ரெண்டு பேருக்கும் அது வித்தியாசமா தெரியல, பல வருஷமா அப்படியே தான் ஓடுதுபோல. எனக்குத் தான் சோறு இறங்கல, ஏன்னா என் அக்கா பொண்ணு வெளியூர்ல வளந்தவ, எங்க அம்மா தமிழ்ல கேக்க அவ இங்கிலீஷ்ல பதில் சொல்றது கண்ணு முன்னால வந்துச்சு.

நான் எனக்கு எண்ணக் கத்துக் குடுங்கன்னு சைகையில கேட்டேன். பாட்டி பட்டையில போட்ட தையல் ஓட்டையைத் தொட்டுத் தொட்டு ஒமுன், ஜூர், இலான்னு சொல்லிக் குடுத்தாங்க. அஞ்சுல நான் மாட்டிக்கிட்டேன், அந்த ங்ங வரல. நாலு தடவை சொல்ல வச்சாங்க. இலக்கணப்பித்து அண்ணா 'தோங்ங'ன்னு எழுதினதைப் பாத்ததும் பாட்டி குரல்லயே காதுல கேட்டுச்சு.

நெய்தல்:
தம்பி கண்ணுல தண்ணி வந்துருச்சு. பெட்டி எப்படித் தச்சாங்கன்னு கொஞ்சம் சொல்லேன், நான் கைத்தறி, கூடை முடையறதுன்னு கைவேலை பக்கம் இருக்கிறவ.

ஹார்பின்_நாட்கள்:
அக்கா, பட்டையை ஜூன் மாசம் வாக்குல தான் உரிப்பாங்களாம், அப்போ தான் மரத்துல பால் ஓடுமாம், கத்தியால ஒரு கோடு போட்டா சட்டை கழட்டுற மாதிரி கழண்டு வரும்னு அவன் அம்மா சொன்னாங்க. அதைக் கொதிக்க வச்சு மெதுவாக்கி, வேணுங்கிற அளவுக்கு வெட்டி, மானோட நரம்பைத் திரிச்ச நூல்ல தைக்கிறது. இப்போ மான் ஏது, அந்தப் பாட்டி கையில இருந்தது கடைல வாங்கின நூல் தான். மேல பூ வேலை போடுறதுக்கு எலும்புல செஞ்ச ஒரு சின்னக் கருவி, நுனியில ரெண்டு மூணு பல்லு இருக்கும், அதைப் பட்டை மேல வச்சு லேசா ஒரு தட்டு, அப்படியே புள்ளி புள்ளியா கோலம் மாதிரி ஓடும். நல்லா தச்ச பாத்திரத்துல தண்ணி ஊத்தினா ஒழுகாதாம். தொட்டில், படகு கூட அதே பட்டையில செஞ்சிருக்காங்க. வெயில் காலக் கூடாரத்துக்கு மேல போத்துறதும் அது தான், குளிர் காலத்துக்கு மான் தோலு.

வேம்பு:
எல்லாரும் உருகுறீங்க, புரியுது. ஆனா நான் கொஞ்சம் மாத்திப் பேசுறேன், கோவிச்சுக்காதீங்க. 1950-களுக்கு முன்னாடி அந்த மக்கள் எப்படி இருந்தாங்க? ஜப்பான் அந்தப் பக்கத்தைப் பிடிச்சு வச்சிருந்த காலத்துல அபின் குடுத்துக் கெடுத்தாங்க, காசநோய், அம்மை, பிள்ளை பெத்து நாலுல ரெண்டு தங்கினாலே பெரிசு. நீங்களே சொல்றீங்க 2,200 பேர்னு. ஊரு அமைச்சு வீடு கட்டிக் குடுத்து டாக்டர் வந்ததால தான் இன்னைக்கு 9,000. மொழி முக்கியமா உசுரு முக்கியமா? நான் மலைக்கிராமத்துல நர்ஸா இருந்தவ. அடுத்தவங்க அழகு பாக்கிறதுக்காக ஒரு பிள்ளை குளிர்ல சாகக் கூடாது. காட்டுலயே இருந்திருக்கணும்னு சொல்ற உரிமை நமக்கு இல்ல.

மலைக்காட்டான்:
வேம்பு அக்கா, நீங்க சொல்றது முழுக்க சரி, நான் அதை லேசா எடுத்துக்கல. வீடும் டாக்டரும் வந்தது நல்லது. யாரும் திரும்பக் கூடாரத்துக்குப் போங்கன்னு சொல்லல, அந்த மக்களே அப்படிக் கேக்கல.

ஆனா ஒரு விஷயம் பாருங்க. ஊர்ல குடியமர்த்தினது 1950-கள்ல. அதுக்கப்புறமும் வேட்டை நிக்கல, ஊர்ல வீடு, காட்டுல வேட்டைன்னு ரெண்டும் ஓடுச்சு. பிள்ளைங்க தேறிக்கிட்டாங்க, மொழியும் இருந்துச்சு. அப்போ மொழிய அடிச்சது வீடும் டாக்டரும் மட்டும் இல்ல. 1960-கள்ல ரயில் பாதை போட்டுப் பெரிய கிங்கானை மரத்துக்காகத் திறந்து விட்டாங்க. வெளியேருந்து லட்சக்கணக்கா ஆளுங்க வந்தாங்க, காடு வெட்ட ஒரு பக்கம், நிலம் உழ ஒரு பக்கம். ஒரோச்சென் தன்னாட்சி வட்டாரம் கிட்டத்தட்ட 60,000 சதுர கிலோமீட்டர், பேரு அவங்க பேரு, ஆனா அங்க இருக்கிற ஒண்ணரை லட்சத்துக்கும் மேல பேர்ல ஒரோச்சென் மக்கள் நூத்துக்கு ஒருத்தர் சொச்சம் தான். அந்த ஊர் கடையில, பஸ்ல, ஆபீஸ்ல அவங்க மொழியக் கேக்க யாரு இருக்கா? கல்யாணமும் பெரும்பாலும் ஹான் ஆளுங்களோட தான், வேற வழி என்ன, இருக்கிறதே சில ஆயிரம் பேர், பாதி பேர் சொந்தக்காரங்க.

சனத்தொகை கூடினதுக்கும் இதுல காரணம் இருக்கு. கலப்புக் கல்யாணத்துல பிறந்த பிள்ளைய ஒரோச்சென்னு பதிஞ்சா காலேஜ் நுழைவுத் தேர்வுல கூடுதல் மார்க் மாதிரி சலுகை கிடைச்சுது, அதனால பெரும்பாலும் அப்படித்தான் பதிஞ்சாங்க. நம்ம தம்பியோட சிநேகிதன் மாதிரி. அதைத் தப்புன்னு சொல்லல. ஆனா கணக்கெடுப்பு எண்ணுறது ஆளை, பேச்சை இல்ல.

அப்புறம் மான் குறைஞ்சதுக்குப் பழி யார் மேல விழுந்துச்சு? மரம் வெட்டி, காடு அழிஞ்சு, 1987 மே மாசம் மோஹே, தாஹே பக்கம் அந்தப் பயங்கரக் காட்டுத்தீ வந்து, இத்தனையும் ஆனப்புறம் 1996-ல வேட்டைக்காரன் துப்பாக்கிய வாங்கிட்டாங்க. மரம் வெட்டுறது எப்போ நின்னுச்சு தெரியுமா? ஹெய்லோங்ஜியாங் பக்கம் 2014, உள் மங்கோலியா பக்கம் 2015. துப்பாக்கி முதல்ல, ரம்பம் 18, 19 வருஷம் கழிச்சு. என் வருத்தம் இது தான் அக்கா, வரிசை தலைகீழா போச்சு.

வேம்பு:
இது எனக்குத் தெரியாது. அந்த 18, 19 வருஷம் யோசிக்க வைக்குது. ஆனாலும் தடை போட்டது தப்புன்னு சொல்ல மனசு வரல, மிருகமும் அழிஞ்சிருக்கும்ல. குறைஞ்சது வயசானவங்களுக்காவது வருஷத்துல கொஞ்ச நாள் போயிட்டு வர விட்டிருக்கலாம்.

ஈரோட்டு வாசகன்:
துப்பாக்கிய குடுத்தப்புறம் என்ன பண்ணாங்க பொழப்புக்கு?

மலைக்காட்டான்:
விவசாயம் பண்ணச் சொன்னாங்க, சோயாபீன்ஸ் கோதுமைன்னு. சில பேருக்கு வந்துச்சு, நிறைய பேருக்கு வரல, நிலத்தை வெளியாளுக்குக் குத்தகைக்கு விட்டுட்டாங்க. குடி பெரிய பிரச்சனையாச்சு. அதுக்கு மேல எழுத மனசு வரல.

நெய்தல்:
எனக்கு இதுல மொழி மட்டும் இல்ல, பேச்சுல இருந்த மரியாதையும் போச்சேன்னு இருக்கு. கரடி விஷயம் படிச்சிருக்கேன். அவங்க கரடியக் கரடின்னு சொல்ல மாட்டாங்க, தாத்தா, பாட்டி, மாமான்னு உறவு முறை வச்சுத் தான் சொல்றது. கரடிய அடிச்சுட்டாலும் 'செத்துப்போச்சு'ன்னு வாயில வராது, 'தூங்கிடுச்சு'ன்னு தான் சொல்லணும். தலையையும் எலும்பையும் சும்மா வீச மாட்டாங்க, மரத்து மேல வச்சு அவங்க மனுசனுக்குச் செய்ற மாதிரியே காத்துல விட்டு அடக்கம் பண்ணுவாங்க. எங்க பாட்டி ராத்திரியில பாம்புன்னு சொல்ல விட மாட்டாங்க, பூச்சின்னு தான் சொல்லணும், வீட்டுல அம்மை போட்டா 'அம்மா வந்திருக்கா'ன்னு தான் சொல்லணும், அதெல்லாம் நெனப்புக்கு வந்துச்சு.

அடர்ந்த காட்டுல பெரிய மரத்தோட அடியில முகம் செதுக்கி வச்சிருப்பாங்களாம், மலைச்சாமி 'பைனாச்சா'. வேட்டைக்குப் போறவங்க அந்தப் பக்கம் வந்தா குதிரைய விட்டு இறங்கிக் கும்பிட்டுட்டுத் தான் போகணும். ஹார்பின் தம்பி சொன்ன அடுப்புக்குச் சாராயம் சுண்டுறதும் நெருப்புக்கு மரியாதை தான். நெருப்புல தண்ணி ஊத்தக் கூடாது, கத்தியால கிளறக் கூடாது.

இலக்கணப்பித்து:
நெய்தல், சாமின்னு நீங்க எடுத்ததால இதைச் சொல்றேன். 1952 கோடைக்காலம். கம்யூனிஸ்ட் கட்சி ஆளுங்க வந்து மூடநம்பிக்கைய விடுங்கன்னு நெருக்கினாங்க. பைய்யின்னா, ஷிபாஜான்னு ரெண்டு ஊர்ல, மூணு ராத்திரி சடங்கு நடந்துச்சு. என்ன சடங்கு தெரியுமா? ஆவிகளக் கூப்பிட்டு 'போயிடுங்க, இனிமே திரும்பி வராதீங்க'ன்னு கெஞ்சி வழியனுப்புற சடங்கு. அந்த மக்களோட தலைவர்களா இருந்த ஷாமன்களே (ஆவிகளைக் கூப்பிட்டுப் பேசுற பூசாரிங்க) அதை நடத்த வேண்டியதாச்சு. வாழ்நாள் பூரா வா வான்னு கூப்பிட்ட வாயால போ போன்னு பாடணும்.

அதுல ஒருத்தர் சுவொன்னசுவான், சீனப் பேரு மெங் ஜின் ஃபு. அப்போ அவருக்கு 25 வயசு. ரிச்சர்ட் நோல், குன் ஷின்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1990-கள்ல அவரைப் போய்ப் பாத்துப் பேசி எழுதி வச்சிருக்காங்க. 2000 அக்டோபர் 9-ல, 73 வயசுல தவறிட்டாரு. ஷாமன் பாட்டுல வர்ற சொல்லெல்லாம் தினசரிப் பேச்சுல வராது. அந்தப் பாட்டோட ஒரு சொல்லடுக்கே போச்சு.

குமரன்77:
மூணு ராத்திரிய படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் எழுத முடியல. இப்போ காப்பாத்த ஏதாவது நடக்குதா ஐயா? எழுத்து உருவாக்கலாமே

இலக்கணப்பித்து:
நடக்குது, கொஞ்சம் கொஞ்சமா. ஹு செங்யிங்கிற மொழி அறிஞர் 1986-ல இலக்கணச் சுருக்கம் ஒண்ணு கொண்டு வந்தாரு, அதுக்கப்புறம் அகராதி, பேச்சுப் பாடம்னு சில புத்தகம் வந்திருக்கு. சில பள்ளிக்கூடங்கள்ல பாடமா வச்சுப் பாத்திருக்காங்க. 'மோசுகுன்'னு ஒரு கதைப்பாட்டு முறை இருக்கு, ஒரே ஆள், வாத்தியம் கிடையாது, கொஞ்சம் பேசி கொஞ்சம் பாடி வீரன் கதைய ராத்திரி பூரா சொல்றது. அதையும், பூர்ஜ பட்டை வேலையையும் 2006-ல தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியல்ல சேத்தாங்க. ஜூன் 18-ல நெருப்புத் திருவிழா நடக்குது.

எழுத்து தான் சிக்கல். சீன எழுத்துல எழுதினா ஓசை கெட்டுப் போகுது, உயிரொத்திசைவு சுத்தமா தொலைஞ்சுடும். ஒலிக்குறியீட்டுல எழுதினா படிக்கிறதுக்கு மொழியியல் படிச்சவன் வேணும், எட்டு வயசுப் பிள்ளை எப்படிப் படிக்கும்? அந்தந்த ஊர் வழக்கும் வேற வேற, எதை வச்சு எழுதுறதுன்னு அடுத்த கேள்வி.

மலைக்காட்டான்:
திருவிழாவையும் பட்டியலையும் நான் குறைச்சுச் சொல்லல, அது இல்லேன்னா இவ்வளவும் மிஞ்சியிருக்காது. ஆனா மேடையில ஏறிப் பாடுறதுக்கும் 'டேய் அந்த விறகை எடு'ன்னு சொல்றதுக்கும் வித்தியாசம் இருக்கு. விறகை எடுன்னு சொல்ற இடத்துல அந்த மொழி திரும்ப வரணும்னு நான் ஆசைப்படுறேன். அது முதல்ல சமையல்கட்டுல தான் வரும், பாட்டி இருக்கிற வீட்டுல.

ஒரு விஷயம் கவனிச்சீங்களா, இலக்கணப்பித்து சொன்ன மித்தி, பூ. சீனத்துக்கு மாறினவங்களுக்கும் அது தொலையாது போலயே? வட சீனப் பேச்சுல 'ட்சான்மன்', 'வோமன்'னு ரெண்டு இருக்குன்னு கேள்விப்பட்டேன்.

இலக்கணப்பித்து:
ஆமா, நல்லா பிடிச்சீங்க. வட சீன வழக்குல ட்சான்மன்னா கேக்குறவரைச் சேத்த நாம. ஆனா வோமனை ரெண்டுக்கும் போட்டுக்கலாம், கட்டாயம் இல்ல. ஒரோச்சென்ல பேசுறவங்க ஒவ்வொரு தடவையும் முடிவு பண்ணணும், எதிர்ல இருக்கிறவன் உள்ளயா வெளியயான்னு.

ஹார்பின்_நாட்கள்:
அண்ணா, இதைப் படிச்சதும் ஒண்ணு தோணுச்சு. அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுல எடுத்த ஒரு வீடியோ பழைய போன்ல இருக்கும்னு நெனச்சு ரெண்டு நாளா சார்ஜர் தேடி இன்னைக்குத் தான் போனை உயிர்ப்பிச்சேன். கிடைச்சுச்சு. 40 செகண்ட் தான். காட்டு செர்ரிப் பழம் போட்ட கஞ்சி, நடுவுல கறி சட்டி, ஆவியில கேமரா பாதி மங்கலா இருக்கு. பாட்டி சட்டியை என் பக்கம் தள்ளி ஏதோ சொல்றாங்க. அப்போ எனக்கு ஒண்ணும் புரியல, சிநேகிதனைக் கேட்டதுக்கு 'சாப்பிடச் சொல்றாங்க'ன்னு மட்டும் தான் சொன்னான்.

இப்போ ஹெட்போன் போட்டு ஏழெட்டு தடவை கேட்டேன். வாக்கியத்தோட ஆரம்பத்துலயே தெளிவா விழுது. மித்தி.

இலக்கணப்பித்து:
நல்லா கேட்டுப் பாருங்க தம்பி, பூ இல்லையே?

ஹார்பின்_நாட்கள்:
இல்லண்ணா. மித்தி தான். என் அம்மாவுக்கும் போட்டுக் காட்டினேன், நான் ஒண்ணும் சொல்லாமலே 'என்னடா மித்தி மித்தின்னுது'ன்னு கேட்டாங்க.

நெய்தல்:
தம்பி பாட்டி இருக்காங்களா இப்போ?

ஹார்பின்_நாட்கள்:
இல்லக்கா. கொரோனாவுக்கு முந்தின வருஷம் போயிட்டாங்க. அவன் வீசாட்ல சொன்னான்.

மலைக்காட்டான்:
அந்த வீடியோவை இங்க போடாதீங்க தம்பி. முதல்ல அது அவங்க வீட்டுக்குப் போகட்டும். அந்தப் பையனோட அம்மாவுக்கு அனுப்புங்க, முடிஞ்சா அவங்களையே கேளுங்க பாட்டி முழுசா என்ன சொன்னாங்கன்னு.

ஹார்பின்_நாட்கள்:
நேத்தே அனுப்பிட்டேன் அண்ணா. அவனுக்குப் போன மாசம் பொண்ணு பொறந்திருக்காம். வீடியோவை அவங்க அம்மா அந்தக் குழந்தை பக்கத்துல வச்சு ஓட விட்டுக்கிட்டே இருக்காங்களாம். முழு வாக்கியத்தை அவங்க மொழியில ஒரு தடவை, சீனத்துல ஒரு தடவை சொல்லி வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்காங்க. 'நாம சாப்பிடலாம், ஆறிடும்.'